நாலாம் வகுப்புக் கடிதம்

ஜெர்மனியில் இந்த எசன் நகரத்தில் பெருந்தெருவுக்குத் தெற்கே தோட்டம் வைத்த வீட்டுக்காரர், வடக்கே எங்களைப் போன்ற ஆட்கள். பேத்தியின் பள்ளிக்கூடம் இரண்டுக்கும் நடுவில். நாலாம் வகுப்பில், பிள்ளை மேலே படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா, கைத்தொழிலுக்குப் போகிற பள்ளிக்கூடம் போதுமா என்று ரீச்சர் எழுதிக் குடுப்பா.

என் மகளுக்கும் ஒருகாலம் எழுதினவர்கள். "பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?" என்று ரீச்சர் கேட்டா. நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ரீச்சருக்கு முன்னால் வாய் திறப்பது எனக்கு மரியாதைக் கேடு. "உங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். அவ சிரித்துக்கொண்டு எழுதினா. மகள் வளர்ந்த பிறகு அந்தத் தாளை எனக்கு வாசித்துக் காட்டினாள்: வீட்டில் அக்கறை இல்லை. இப்போது முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்குகிறாள். இடுப்பு போய்விட்டது.

இந்த மார்கழியில் பேத்தியின் முறை. மகள் பிள்ளையின் சோதனைத் தாள்களை ஒரு நீலக் கோப்பில் அடுக்கினாள்.

"அம்மா, நீங்களும் வாங்கோ. ஆனா அங்கை வாயைத் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

"நான் எப்ப திறந்தனான்?"

"அதுதானே வினை," என்று சிரித்தாள்.

எங்களுக்கு முன் தெற்குப் பக்கத்துப் பல்வைத்தியர் ஒருவருக்கு ரேர்மின், ரீச்சரைச் சந்திக்கிற நேரம். கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. கடையில் சாமான் சொல்லுகிற மாதிரி. அவருடைய மகள் கணக்குக் கேட்க எங்கள் பிள்ளையிடம்தான் வருவாள். வெளியே வந்தவர் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிசன்.

உள்ளே பிள்ளைகளின் சின்னக் கதிரைகள். ரீச்சர் இளம்பிள்ளை. அதே கேள்வியைத்தான் கேட்டா. மகள் கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள். திறக்கவில்லை. என்னைவிட வடிவான ஜெர்மனில், "உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

ரீச்சர் பேனையை எடுத்தா.

"நைன்," இல்லை என்றேன். அரசாங்கக் கந்தோர்களில் இத்தனை வருசமும் "யா" மட்டும் சொன்ன வாய். கோப்பை இழுத்து மேசையில் வைத்தேன். ரீச்சர் இரண்டு தாளைப் புரட்டினா. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா.

"யோசிக்கிறன்," என்றா.

கடிதத்தைத் தை மாதக் கடைசியில் பிள்ளையின் கையிலேயே குடுப்பார்கள். மகள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நேற்றுப் பேத்தி வந்து சொன்னாள்:

"அம்மம்மா, பல்வைத்தியற்றை மகள் மேலே படிக்கிற புதுப் பள்ளிக்கூடத்துக்கு இப்பவே பை வாங்கிட்டாள்."