வீட்டில் மணி அடித்தது

எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு பித்தளை மணி. வருகிறவர்கள் ஒருவர் விடாமல், "இந்தக் குப்பையை இன்னுமா வச்சிருக்கீங்க? இடத்தை அடைக்குதே" என்று கேட்டுவிடுகிறார்கள். என் வீடு, என் மூலை. இவர்களுக்கு எங்கே வலிக்கிறதாம்? என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. "உக்காருங்க, சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவேன். பாதியில் எழுந்து போக யாரையும் விட்டதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, எந்தச் சோப்புக்கும் மசியாத கிரீஸ் கறை படிந்த நகங்கள். உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும் அதன் அழகைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "மூணாவது மாடியில கதவு கொஞ்சம் இழுக்கும்" என்பார். நாங்கள் குடியிருந்ததோ தரைத்தளம். "எனக்கு மாடியே வேண்டாம், போதும்" என்று தேடிப் பிடித்த வீடு.

தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் மட்டும் ஏறி, மேலே போய்க் கீழே வருவார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள். இன்னொன்று, நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவை நெம்பித் திறக்கும்போது உள்ளே இருப்பவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: "பயப்படாதீங்க, வந்துட்டேன்." கல்யாணமான புதிதில் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். கதவைத் திறந்துகொண்டே என்னிடமும் அதையேதான் சொன்னார், "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று. கட்டிய மனைவியிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசிய ஒரே நாள் அது. சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவோம். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான். பிடிவாதத்தில் அப்படியே அப்பாவை உரித்து வைத்திருப்பாள். அவளுக்குக் கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தபோது வீடு இரண்டுபட்டது.

"இங்க இல்லாத வேலையா அங்க இருக்கு?" என்றார் அவர்.

"நீங்க மட்டும் மாடி மாடியா ஏறுவீங்க, நான் தரையிலயே கிடக்கணுமா?" என்றாள் அவள்.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "போறதுன்னா போ. போயிட்டு எனக்கு போன் பண்ணாத." கோபத்தில் சொன்னது. கோபத்தில் சொன்னதென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஏன், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள்.

நான் அப்போது ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பாப்பா என் ஆபீசுக்குத்தான் கூப்பிடுவாள். வீட்டு போன் அவளுக்காக ஒருநாளும் அடித்ததில்லை. மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கேட்பார்.

"போன் வந்துச்சா?"

"எந்த போன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன். விரல் என்ன தேஞ்சா போயிடும்?"

"பண்ணாதன்னு நான்தானே சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பண்றது?"

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பெட்டி வந்தது. அவர் லிஃப்ட் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடி, மேலே பெங்குவின் படம் போட்டது. "இந்தப் பழசை ஓட்டுறதுக்கு லினக்ஸ்தான் சரிப்படும்" என்றார். எனக்கு என்ன புரிந்தது! மனுஷன் மனசை மாற்ற ஏதோ செய்கிறார், செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது நினைத்தால் அந்த மாலைகள் எவ்வளவு நன்றாக இருந்தன. பின்பக்கம் குண்டான அந்தக் கால மானிட்டர், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மடியில் விரித்த பத்திரிகை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவார். பெட்டிக்குள் விசிறி உம்மென்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன்.

"என்னதான் செய்றீங்க?"

"வெப் சர்வர் வைக்கிறேன். வெளிய இருந்து யாராவது பக்கத்தைக் கேட்டா, இது எடுத்துக் குடுக்கும்."

"நம்ம வீட்டுல வந்து யார் என்ன கேக்கப் போறாங்க?"

அவர் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அப்பாச்சி என்ற சர்வர் முதலில் ஓட ஆரம்பித்தது. எழுதி வைத்த பக்கத்தை அப்படியே காட்டியது. ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லையாம். பட்டனை அமுக்கினால் பெட்டி ஒரு வேலையைச் செய்ய வேண்டுமாம், அதற்கு பி.எச்.பி. என்று ஒன்று கூடச் சேர வேண்டுமாம். இன்றைய தேதியைக் காட்டு என்று அதில் எழுதினார். திரையில் தேதி வரவில்லை. அவர் எழுதிய கட்டளையே அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாவற்றோடும் வந்து நின்றது.

"நல்லா இருக்கே! சாப்பாடு கேட்டா சமையல் குறிப்பைக் கொண்டு வந்து வைக்குது" என்றேன்.

பாப்பா போன பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். பி.எச்.பி.யைப் பெட்டிக்குள் வைத்தாரே தவிர, அதை சர்வரோடு கோக்கவில்லையாம். ஒரு வரி சேர்த்து, சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். சமையலறையில் இருந்த என் காதில், "இங்க வா! சீக்கிரம் வா!" என்று ஒரே கூச்சல். ஈரக் கையோடு அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினேன்.

"பாரு, தேதி வருது!"

"காலண்டர்லயும்தான் தேதி வருது. அதுக்கா இந்தக் கூப்பாடு?"

அப்புறம் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பும் வாங்கி, ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். வெள்ளைப் பக்கம். நடுவில் வட்டமாக ஒரே ஒரு பட்டன். "பாப்பாவுக்கு" என்றார். "என்கிட்ட அவ ஒரு வார்த்தை பேச வேண்டாம். நல்லா இருக்கேன்னு சொல்லத் தோணிச்சுன்னா இதை அமுக்கினா போதும்."

அவள் அங்கே அமுக்கினால் இங்கே பெட்டியின் சிடி தட்டு வெளியே நீளும். நீளுகிற தட்டு ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி இந்த மணியை அடிக்கும். கழித்துப் போட்ட ஒரு பழைய லிஃப்டின் அபாய மணி இது. அவளுடைய திரையில் இரண்டு வரி வரும்: 'வீட்டில் மணி அடித்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.'

ஒரு போனை எடுத்துப் பேச வக்கில்லாத மனுஷன், பெற்ற பெண்ணுக்கு லிஃப்டில் இருக்கிற மாதிரி ஒரு பட்டன் செய்து வைத்திருக்கிறார். திட்டுவதா, கொஞ்சுவதா?

கட்டளையைத் தட்டினார். தட்டு நீண்டது. டிங்! தட்டை உள்ளே தள்ளி மறுபடி தட்டினார். டிங்!

"பட்டனை அமுக்கிப் பாத்தீங்களா?"

"சேச்சே, அது அவ பட்டன். முதல்ல அவதான் அமுக்கணும்."

தான் ஏறிப் பார்க்காத லிஃப்டில் ஒரு ஈ எறும்பைக்கூட ஏற்றாத மனிதர் பேசுகிற பேச்சா இது? எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பாப்பா கூப்பிட்டபோது அந்தப் பக்கத்தின் முகவரியைச் சொன்னேன். "அப்பா உனக்குன்னு ஒரு பக்கம் செஞ்சு வச்சிருக்கார். பட்டன் ஒண்ணு இருக்கு. அமுக்கினா நம்ம வீட்டுல மணி அடிக்கும்." "ம்" என்றாள். "சாப்பிட்டியாம்மா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள். அவரோ என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "அமுக்கினியான்னு மட்டும் கேட்டுறாத. கேட்டு வாங்கினா அது என்ன பாசம்?" நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பெட்டியை அவர் அணைக்கவே விடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் முதல் பார்வை சிடி தட்டின் மேல். மூடியே இருக்கும். தட்டு கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சமையல் ரூம்ல இருந்தா மணி கேக்குமா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மழைக்காலம் போய் வெயில் வந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தாலும் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார். பாப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த வயசில் இவ்வளவு நெஞ்சழுத்தமா இவளுக்கு!

ஒருநாள் பொறுக்க முடியாமல், மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து நானே அமுக்கிவிட்டேன். ஏமாற்று வேலைதான். இருக்கட்டுமே! அன்று அவருக்கு வார விடுமுறை, வீட்டில்தான் இருந்தார். ஒருநாளாவது அந்த முகத்தில் வெளிச்சம் வரட்டும். திரையில் வந்தது: 'வீட்டில் மணி அடித்தது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.' ஒன்றும் தெரியாதவள் போல ஆச்சரியப்படுவது எப்படி என்று பஸ்ஸில் வரும்போதே பழகிக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தார். அதே தொங்கிப்போன முகம்.

"என்னங்க, ஏதாவது விசேஷம் உண்டா?"

"என்ன விசேஷம்?"

"மணி கிணி அடிச்சுச்சா?"

"எங்க அடிச்சுது..."

"வெளிய எங்கயாவது போயிருந்தீங்களா?"

"இந்த நாற்காலிய விட்டு நகரவே இல்லையே. ஏன்?"

எனக்குச் சுரீரென்றது. "ஐயோ, நான் அமுக்கினேனே!" என்று உளறிவிட்டேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டி முன்னால் போய் உட்கார்ந்து, முதல்முறையாக அந்தப் பட்டனைத் தானே அமுக்கினார். வீட்டில் மணி அடித்தது என்றது திரை. தட்டு அசையக்கூட இல்லை. கட்டளையைக் கையால் தட்டினார். டிங்! தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் பட்டனை அமுக்கினார். ஒன்றுமில்லை.

பத்திரிகையைப் புரட்டிப் புரட்டி, சர்வர் தன் குறைகளை எழுதிவைக்கிற கோப்பு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்தார். திறந்தார். 'சிடி டிரைவைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை' என்று ஒரே வரி, திரையின் மேலிருந்து கீழ்வரை. யார் எப்போது வந்து கேட்டார்கள் என்பது பக்கத்துக் கோப்பில் இருந்தது. கடைசியில் இருந்தவை அவரும் நானும் அமுக்கியவை. அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஒரே தூரத்து முகவரியிலிருந்து. முதலில் தினமும். அப்புறம் விட்டுவிட்டு. அப்புறம் எப்போதாவது. சில வாரங்களாக அதுவும் இல்லை.

"சர்வர் என் பேர்ல ஓடலை" என்றார் மெதுவாக. "அதுக்குன்னு தனியா ஒரு ஆள் பேரு இருக்கு. நான் சொன்னா டிரைவ் திறக்குது, அந்த ஆள் சொன்னா திறக்காது. நான் அனுமதி குடுக்கல."

"ஆளை வீட்டுக்குள்ள வச்சுட்டு சாவியைக் குடுக்கலையா?"

"அது மட்டும் இல்ல. மணி அடிச்சுதா இல்லையான்னு பாக்காமலே, அடிச்சுதுன்னு சொல்ற மாதிரி எழுதி வச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னுதான் அவ நெனைச்சிருப்பா. தெரிஞ்சும் அப்பா ஒரு போன் பண்ணலன்னு..." மூடியிருந்த தட்டை விரலால் தொட்டார். "உள்ள மாட்டிக்கிட்டு தினமும் அமுக்கியிருக்கா. நான் கதவுக்கு வெளியவே உக்காந்துட்டு இருந்திருக்கேன்."

அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். அவளை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தேன்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரைவைத் தொட சர்வருக்கு அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு வரிதான். சர்வரை நிறுத்தி ஓடவிட்டுப் பட்டனை அமுக்கினார். டிங்! தட்டை உள்ளே தள்ளி மறுபடி அமுக்கினார். டிங்! தானே ஏறிப் பார்க்கிற பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். பிறகு நேராக போனிடம் போனார்.

"நம்பர் சொல்லட்டுமா?" என்றேன். அதற்குள் விரல் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார், கள்ளன்.

ரிசீவர் பக்கத்தில் நானும் காதை வைத்துக்கொண்டேன். அங்கே அவள் ஆபீசில் இருக்கும் நேரம். "ஹலோ?" என்றாள். இவர் வாயைத் திறந்தார், மூடினார். "ஹலோ, யாருங்க?" என்றாள் பாப்பா மறுபடியும். என்னென்னவோ சொல்லத்தான் நினைத்திருப்பார். வாயில் வந்தது அந்த ஒன்றுதான்.

"பயப்படாதீங்க, வந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பிறகு எதையோ படபடவென்று தட்டுகிற சத்தம். எங்கள் முதுகுக்குப் பின்னால் சிடி தட்டு நீண்டது. டிங்!

போன் வயர் எட்டுகிற தூரம் வரை போய், குனிந்து, தட்டை உள்ளே தள்ளினார். டிங்! மறுபடி தள்ளினார். டிங்! அவள் விடவில்லை, இவரும் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று, "யாரு அது, விடாம மணி அடிக்கிறது?" என்று கேட்டார்.

"எங்க பொண்ணு" என்றேன்.