காகித மாலை

பூனாகலையில் நான் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காகிதம் வெட்டி ஒட்டி அம்மாவின் முகத்தைச் செய்யச் சொன்னேன். மறுநாள் பெற்றோர் கூட்டம். சுவரில் மாட்ட ஏதாவது வேண்டும் என்று பாடசாலை அதிபர் நச்சரித்துக்கொண்டிருந்தார். மற்றபடி உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இல்லை. பண்டாரவளையில் வாங்கிய வண்ணக் காகிதம் பாதியில் தீர்ந்துபோனதால் சில அம்மாமார் பச்சை முகத்தோடு இருந்தார்கள். ஓர் அம்மாவுக்கு மூன்று காது. எதற்கென்று கேட்டேன். "அவங்களுக்கு எல்லாமே கேக்கும் டீச்சர்" என்றான் மகன்.

ஒரு சிறுமி மட்டும் அம்மாவின் முகத்தைச் சுற்றி மஞ்சள் காகிதப் பூக்களால் மாலை ஒட்டியிருந்தாள். அந்த அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். எனக்குச் சுருக்கென்றது. ஏன் மாலை என்றேன்.

"எங்க லயத்துல மாட்டியிருக்குற போட்டோவுக்கெல்லாம் மாலை இருக்கே டீச்சர்."

அவள் சொன்னது சரிதான். தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில் கண்ணாடி போட்டு மாட்டுவது இறந்தவர்களின் படங்களைத்தான். உயிரோடு இருப்பவர்களின் படம் போனில் கிடக்கும். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

"மாலை செத்தவங்களுக்குத்தான் போடுவாங்க. ஒங்க அம்மா நல்லா இருக்காங்க. இது வேணாம்."

ஒவ்வொரு பூவாகப் பிய்த்தேன். எரிச்சலோடுதான் பிய்த்தேன். பசை காய்ந்திருந்ததால் தாடை கொஞ்சம் கிழிந்தது.

மறுநாள் அவளுடைய அப்பா அரைநாள் வேலையோடு வந்தார். அவள் அவரைச் சுவரருகே இழுத்துப்போனாள்.

"மாலை செத்தவங்களுக்குத்தானாம்ப்பா. அம்மாவுக்கு வேணாம்னு டீச்சர் எடுத்துட்டாங்க."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா கண்ணு" என்றார். அவளை விளையாட அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"வெள்ளிக்கிழமை ஏஜென்சிலேருந்து போன் வந்துச்சுங்க. மாடிப்படியில விழுந்து உசுரு போயிருச்சாம். புள்ளைக்கு இன்னும் சொல்லலங்க."

நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அழுகை வரவில்லை. மாலையைத் திரும்ப ஒட்ட வேண்டுமோ என்ற மடத்தனமான யோசனைதான் வந்தது.

"நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும் டீச்சர். பொட்டி வர்ற வரைக்கும்."

சரியென்றேன்.

சவப்பெட்டி வந்து சேரப் பதினோரு நாள் ஆனது. அதுவரை அவள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தாள். அம்மா நல்லா இருக்காங்கதானே என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். என் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.