மாத்திரையை நிறுத்தியதும் கிளம்பி வந்த வேன்

போன வருடம் சித்திரை மாதம், மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நடந்தது இது. காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த என் மாமியாரை அங்கே சேர்த்திருந்தோம். என் கணவர் லாரி ஓட்டுகிறார். அந்த நேரம் பார்த்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். அவனியாபுரத்தில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற நான், தையல் மெஷினை மூடிப்போட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தேன் என்பது சும்மா பேச்சுக்குத்தான். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போகிற ஆள் நான். அந்த வார்டு வராந்தாவை எத்தனை முறை அளந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அத்தை, அத்தையாக இல்லை. கண்ணைப் பாதி மூடியபடி போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவர். பருத்தி எடுக்கிறாராம். எடுத்த பருத்தியை என் மடியில் வேறு போட்டார். திடீரென்று கத்துவார். கத்தினால் பக்கத்து நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று தூங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் எழுப்பினாலும் எழவில்லை. "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் பக்கத்துக் கட்டில்காரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன வாரம் வரை நான் ஊக்கு வைத்த ஜாக்கெட்டில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்த மனுஷி, நாலு நாளில் எப்படி இவ்வளவு வயசாவார்?

வயதானவர்களைப் பார்க்கும் டாக்டர் அம்மா ஒருவர் விடுப்பு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்களோ எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க" என்றார்.

ஷேர் ஆட்டோவில் போய், அத்தையின் அலமாரித் தட்டை அப்படியே மஞ்சப்பையில் கவிழ்த்துக்கொண்டு வந்தேன். டாக்டர் அதைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொரு அட்டையாக எடுத்தார். "இது எதுக்கு?" என்பார். எனக்குப் பாதி தெரியாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு டாக்டர் எழுதியது. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. எழுதியதை யாரும் போதும் என்று சொன்னதில்லை, அதனால் நாங்களும் மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருந்தோம்.

"இது தலைசுத்தலுக்கு. தலை எதனால சுத்துது? இந்த பிரஷர் மாத்திரை அதிகமா இருக்கதால. இது ஒண்ணுக்கு அடிக்கடி போகாம இருக்க. இது அரிப்புக்கு. இந்த வயசுல இது ரெண்டும் ஆளையே குழப்பிவிட்டுரும். அதுக்கு மேல நாங்களும் இங்க தூக்க மாத்திரை குடுத்திருக்கோம். அதுவும் தப்புதான்" என்றார். தங்கள் ஆஸ்பத்திரித் தப்பை அவரே சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்து மருந்துச் சீட்டில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். தைராய்டு மாத்திரையை விட்டுவைத்தார். குளுக்கோஸ் ஏறட்டும் என்றார். மற்றதில் பெரும்பாலானது போயிற்று. "உடனே தெளிய மாட்டாங்க. ரெண்டு மூணு நாள் ஆகும். பொறுமையா இருக்கணும்" என்றார். யாரிடம் வந்து பொறுமையைக் கேட்கிறார் பாருங்கள்.

இதையெல்லாம் என் நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாதியைக் கேட்டவள், வராந்தாவுக்குப் போய் அவளுடைய தாய்மாமாவுக்கு, அதாவது அத்தையின் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். "மாமா, அம்மாவுக்கு மாத்திரைய எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க மாமா." அவ்வளவுதான் சொன்னாள், அழுதுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தினார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கைவிட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பால் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்பதில் எங்கள் சனம் ரொம்பக் கறார்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. வேன் நிறைய சொந்தக்காரர்கள். முதலில் இறங்கியவர் அத்தையின் தம்பி. எனக்குச் சித்தப்பா முறை. நேராக என்னிடம் வந்தார்.

"எங்கக்கா உசுரு சொந்த ஊர்ல போகட்டும்த்தா. கையெழுத்த போட்டுக் குடு, தூக்கிட்டுப் போறோம்."

"சித்தப்பா, யாரும் கைவிடல. மாத்திரைதான் ஒத்துக்கல. அதான் நிறுத்திருக்காங்க."

"அம்புட்டு மருந்து குடுத்தே எந்திரிக்கல. குடுக்காம எப்பிடித்தா எந்திரிக்கும்?"

உண்மையைச் சொன்னால், என் மனதுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவருக்குப் போன் போட்டேன். பின்னால் லாரிச் சத்தம். "மாமா சொல்றதும் சரியாத்தான் படுது. பக்கத்துல இருக்கவ நீதான், நீயே பாத்துச் செய்" என்றார். நன்றாகச் செய்தார். இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால், மருமகள்தான் கெடுத்தாள் என்று நான் சாகும் வரை பேசுவார்கள். கூட்டிக்கொண்டு போனால் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, அந்த வெயிலில் காய்ந்த வேனில் கிடத்திக் கொண்டு போவார்கள்.

படியிறங்கி ஓடினேன். டாக்டர் அம்மா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன்.

"மாத்திரைய எழுதிட்டுப் போறது எனக்கு லேசும்மா. நிறுத்திட்டா கூடவே நின்னு பாக்கணும். நாளைக்குக் காலையில முதல் ஆளா உங்க அத்தையத்தான் பாக்க வாரேன். கைவிடுற ஆளு எதுக்கு வரப் போறேன்?" என்றவர், ஹெல்மெட்டோடு மேலே ஏறி வந்து சித்தப்பாவிடமும் பேசினார். அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சித்தப்பா" என்றேன்.

மறுநாள் டாக்டர் சொன்னபடி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அத்தையிடம் ஒரு மாற்றமும் இல்லை. கீழே வேன் நின்றபடியே இருந்தது. ஒவ்வொருவராக மேலே வந்து அத்தை முகத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியம்மா மெதுவாக ஒப்பாரியை எடுக்க, "அழுகுறதா இருந்தா கீழ போய் அழுங்க" என்று சொல்லிவிட்டேன். அதற்கு இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. மதியத்துக்கு மேல் போர்வையைப் பிய்க்கிற கையும் ஓய்ந்துபோனது. அத்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது, வராந்தாவில் நடப்பது, திரும்ப வந்து பார்ப்பது, இதுவே வேலையாகப் போயிற்று.

அடுத்த நாள் காலையில் நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்து குரல் வந்தது.

"தைக்கக் குடுத்ததெல்லாம் அப்பிடியே கெடக்கா? நீ இங்க என்ன செய்யிற?"

திரும்பினேன். அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாத்தனாரிடம் சித்தப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். அவரைப் பார்த்ததும், "நீ எதுக்குடா வந்த? கடலைக்குத் தண்ணி பாச்சலையா?" என்று கேட்டார் அத்தை. சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேன் புறப்படும்போது வழியனுப்பப் போனேன். சீட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பை கிடந்தது. உள்ளே புதுச்சேலை. தையல்காரிக்குச் சேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போர்த்துகிற கோடிச்சேலை அது. நான் பார்த்ததைச் சித்தப்பாவும் பார்த்துவிட்டார். பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிராதத்தா" என்றார். இன்று வரை சொல்லவில்லை.

அத்தை இப்போது எண்ணி இரண்டு மூன்று மாத்திரைதான் சாப்பிடுகிறார். எந்த டாக்டர் புதிதாக எழுதினாலும், "இதுக்குப் பதிலா எதையாவது நிறுத்தலாமா?" என்று கேட்காமல் நான் சீட்டை வாங்குவதில்லை. சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தால், மயக்கம் தெளியப் போகிற ஒரு மனுஷிக்கு எல்லோரும் சேர்ந்து பால் ஊற்றியிருப்போம், ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று நானும் காலமெல்லாம் நம்பியிருப்பேன். அது நினைவுக்கு வந்தால், பட்டப்பகலில் தைத்துக்கொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, அத்தை மூச்சு விடுகிறாரா என்று உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இப்போதும் வருகிறேன்.