பூதிகோட்டையில் களை பிடுங்கப் போன ஞாயிறு

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலார் தங்க வயலிலிருந்து பூதிகோட்டைக்குப் போய்வந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, களை பிடுங்க. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

பெங்களூருக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில் மஞ்சுளா எங்கள் பெட்டித் தோழி. பங்காருப்பேட்டையில் ஏறுவாள். பூதிகோட்டையில் அவளுக்கு ஒரு ராகிக் காடும், அதன் சரிவில் ஒரு கிணறும் உண்டு. போன வருடம் காட்டில் களைக்கொல்லி அடித்த மறுநாளே மழை கொட்டி, மருந்து அத்தனையும் கிணற்றில் இறங்கிவிட்டது. மீன்கள் செத்து மிதந்தன, தவளைச் சத்தமே நின்றுபோனது. தண்ணீரைக் கோலாரில் கொடுத்துச் சோதித்தால், குடிக்க உதவாது என்றார்கள். அப்புறம் மாதக்கணக்கில் கேன் தண்ணீர்தான்.

இந்தக் கோடையில்தான் தண்ணீர் தேறிவிட்டது என்று சொன்னார்கள். ரயிலில் லட்டு கொடுத்தாள் மஞ்சுளா. லட்டு கரைவதற்குள் அவள் கணவர் நாகராஜ் புது மருந்து டப்பா வாங்கி வந்து கொட்டகையில் வைத்துவிட்டார். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, அவரும்தான் என்ன செய்வார்? சண்டை போட்டு ஒரு கெடு வாங்கினாள்: ஞாயிறு சாயங்காலத்துக்குள் களை போனால் டப்பா திறக்கப்படாது, இல்லாவிட்டால் திங்கள் காலை மருந்து.

"நாம இத்தினி பேரு இன்னாத்துக்குக் கீறோம்?" என்றார் எங்கள் பெட்டியில் எல்லோருக்கும் மூத்த ஸ்டெல்லா அக்கா. அப்பா சுரங்கத்தில் இருந்தவர் என்பதால் அக்காவுக்குச் சமையல்கூட ஷிப்ட் கணக்குதான். ரயிலில் கீரை ஆய்ந்து கை பழகிய எட்டுப் பேர் கிளம்பினோம்.

பங்காருப்பேட்டை வரை ரயில், ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பூதிகோட்டை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய் ஆனது.

"கோயிலுக்கா மேடம்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"களை புடுங்க. நீயும் வரியா, சோறு போடுவாங்க" என்றார் அக்கா. அவர் வேகத்தைக் கூட்டினார்.

எட்டரைக்குக் காட்டில் நின்றோம். மஞ்சுளா அடுப்படியில் இருந்தாள். அவள் வரும்வரை எங்களுக்கு ஏது பொறுமை? "ஃபர்ஸ்ட் ஷிப்ட், எறங்குங்கடி!" என்று அக்கா குரல் கொடுக்க, ஒரு மூலையில் இறங்கி வெளுத்து வாங்கினோம். கொழுகொழுவென்று நின்றதைப் பயிர் என்று விட்டு, நோஞ்சானை எல்லாம் பிடுங்கிக் குவித்தோம். டீயோடு வந்த மஞ்சுளா அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ தேவ்ரே! அக்கா, நீங்க புடுங்கினதுதான் ராகி! விட்டு வச்சிருக்கீங்களே, அதுதான் களை!"

பின்னாலேயே நாகராஜ். குவியலைப் பார்த்தார், நேராகக் கொட்டகைக்குள் போனார். உதவி செய்ய வந்து நாமே டப்பாவைத் திறக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது.

மஞ்சுளா குனிந்து ஒரு பயிரை எடுத்துப் பார்த்தாள். "வேர் நல்லா இருக்கு. நாத்துன்னு நெனச்சி திரும்ப நட்டுடலாம். மழை வந்தா புடிச்சிக்கும்." எந்த மழைக்குப் பயந்து வந்தோமோ, அதே மழையை எட்டுப் பேரும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தோம்.

நாகராஜ் வெளியே வந்தார். கையில் டப்பா இல்லை, நாலைந்து களைக்கொத்துகள்! சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது. "நடறத நான் பாத்துக்கறேன். நீங்க அந்தப் பக்கம் போங்கம்மா. வரிசையில நிக்கறது ராகி, நடுவுல திமிரா நிக்கறது களை. அவ்ளோதான்."

மதியம் களியும் கீரைக் குழம்பும். அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை, பசி வேறு. செகண்ட் ஷிப்டில் இடுப்பு ஒடிந்தது. கடைசி வரிசை முடிந்தபோது மணி ஐந்தரை, முடித்துக் கை கழுவுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காட்டிலிருந்து செந்தண்ணீர் ஓடிக் கிணற்றில் விழுந்தது. தொப்பலாக நனைந்தபடி மஞ்சுளா கத்தினாள்: "பாருங்க அக்கா, வெறும் மண்ணு! வெறும் மண்ணுதான்!" அவள் சிரித்தாள், நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நீங்களும் இப்படிப் போவதென்றால் மாற்றுத்துணியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவாக இருக்கிறதே என்று எந்தக் கிணற்றுத் தண்ணீரிலும் வாய் வைத்துவிடாதீர்கள். மேட்டுக்காட்டில் என்ன அடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைப்பது கஷ்டம், போகும்போது ஓட்டிவந்தவரின் நம்பரையே வாங்கி வையுங்கள். காட்டுக்காரர் வரும்வரை மட்டும் எதையும் பிடுங்காதீர்கள்.

போன வாரம் ரயிலில் மஞ்சுளா போனில் காட்டின் படம் காட்டினாள். நாங்கள் கெடுத்த மூலை மட்டும் கோணல்மாணலாக, ஆனால் பச்சைப்பசேல் என்று நின்றது. "இதையும் கேளுங்க, நேத்து ராத்திரி கெணத்தாண்ட எடுத்தது" என்று சத்தத்தைக் கூட்டினாள். கொரக் கொரக் என்று பெட்டி முழுக்கத் தவளைச் சத்தம்.

தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திடுக்கிட்டு விழித்து, "இன்னாடி அது?" என்றார்.

"ஒண்ணுமில்ல, நீங்க தூங்குங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. "நைட் ஷிப்ட் ஆளுங்க வேலைக்குத் திரும்பிட்டாங்க."