ஆல்பங்களில் மறைந்து நின்ற பாலம்

“சனம் தண்ணியைப் பாக்கத்தான் போகுது. பாலத்தில எழுத என்ன கிடக்கு?” என்று அப்பா கேட்டார்.

நான் அப்போது பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தேன். ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ரைன் நீர்வீழ்ச்சிக்கு மேலே நிற்கும் ரயில் பாலத்தையும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரையும் பற்றி எழுதுகிறேன் என்று புவியியல் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அப்பாவின் கேள்வி கட்டுரையைப் பற்றியது மட்டுமல்ல. அவர் ஏழாம் வகுப்போடும் அம்மா ஐந்தாம் வகுப்போடும் நிறுத்தியவர்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் அதுகூட யாரும் படித்ததில்லை. பள்ளி முடிந்ததும் கட்டுமானப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன மாதமே, அப்பா ஒரு பல்வைத்தியரிடம் எனக்கு அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சிக்கு இடம் பேசி முடித்துவிட்டார். மூன்று வருடம் வேலை பழகினால் பிறகு அங்கேயே நிரந்தர வேலை. பல்கலைக்கழகத்துக்குப் போய் இடையில் விட்டுவிட்டால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்பது அவருடைய பயம். ஒப்பந்தக் கடிதம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஜூன் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். போடமாட்டேன் என்று சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது. அவருடைய சம்மதம் இல்லாமல் சொல்லத்தான் மனம் வரவில்லை.

நீர்வீழ்ச்சி எல்லைக்கு அந்தப் பக்கம், சுவிஸில் இருக்கிறது. ஜேர்மனியில் நாங்கள் இருந்த ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் எங்களிடம் இருந்த காகிதங்களோடு நினைத்தவுடன் எல்லையைத் தாண்ட முடியாது. அதனால் வளரும் வயதில் அந்த நீர்வீழ்ச்சியை நான் ஆல்பங்களில்தான் பார்த்தேன். சுவிஸுக்கு வரும் தமிழர் யாராக இருந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிக்கொண்டு போவார்கள். சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, கீழே கரையில் கம்பி வேலியோடு நின்று படம் எடுப்பார்கள். முன்னால் சனம், பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் யாருடைய தலையாவது மறைத்த பாலம்.

கட்டுரைக்கு அந்தப் படங்களே போதும் என்று எனக்குத் தோன்றியது. நூலகத்தில் பழைய பாலத்தின் கதை இருந்தது. கடைசி இருபது வருடங்களில் அந்தக் கரை எப்படி மாறியது என்பது எங்கள் சனத்தின் வீட்டு அலுமாரிகளில் இருந்தது. சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ஆல்பம் கேட்டேன். எல்லா வீட்டிலும் தேநீர் வந்தது. படத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்ற விவரமும் கூடவே வந்தது. எந்த வருடம் எடுத்தது என்பதைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

“இது எப்ப எடுத்தது அக்கா?” என்று ஒரு வீட்டில் கேட்டேன்.

“பொறு பிள்ளை. இதில எனக்கு மூத்தவன் வயித்தில, ஆறு மாசம். அந்தப் பச்சைச் சீலை பிறகு எனக்குக் காணாமப் போச்சு.”

மூத்தவனின் வயதைக் கேட்டு வருடத்தைக் குறித்துக்கொண்டேன். இப்படியே ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களுக்குத் திகதி போட்டேன். படகுகள் பெரிதாவதையும் வேலிக் கம்பிகள் மாறுவதையும், பிள்ளைகளின் பிறந்தநாளை வைத்து வரிசைப்படுத்தினேன். இந்த முறையைக் கட்டுரையிலும் விளக்கி எழுதினேன். ஆசிரியர் வாசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு, இது ஒழுங்கான ஆதாரம்தான் என்று முழுப் புள்ளியும் போட்டார்.

அந்தப் படங்களில்தான் எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு மாமாவின் இடது காதுக்கு மேலே தெரிந்த வளைவு அகலமாக இருந்தது, வலது காதுக்கு மேலே தெரிந்தது ஒடுக்கமாக. கமராவின் கோளாறு என்று நினைத்து அடிமட்டத்தை வைத்து வேறு படங்களையும் அளந்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒரே பாலத்தில் வளைவுகள் ஒரே அளவில் இல்லை. ஏன் என்று தேடத் தொடங்கியவள் பிறகு நிறுத்தவேயில்லை.

அந்த வசந்த காலத்தில் எங்களுக்கு ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், அப்பா வேலை செய்த உணவகத்துக்கு விடுமுறை நாளில், மூவரும் ரயிலேறினோம். அம்மா இருபது பேருக்குப் புட்டு அவித்துக் கட்டியிருந்தார். சுவிஸில் இருக்கும் சின்னம்மா தன் ஆட்கள் பன்னிரண்டு பேரோடு வந்து நின்றார். அவரும் இருபது பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டையும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் தண்ணீரின் பக்கம் திரும்பவில்லை. பனி உருகும் காலம். பக்கத்தில் இருப்பவருக்குக் கத்தித்தான் பேச வேண்டும், அப்படி இரைந்தது ஆறு.

சாப்பிட்டதும் அப்பாவைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்டவாளத்தின் ஓரமாக நடைபாதை ஒன்று இருக்கிறது. அம்மா கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ” என்று திரும்பிவிட்டார். நடுவில் நிற்கும்போது ஒரு ரயில் வந்தது. காலடியில் கல் அதிர்ந்தது. அப்பா கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை, ஆனால் முகம் சிறுபிள்ளைபோல மலர்ந்திருந்தது.

அந்தப் பக்கம் இறங்கிக் கரையில் நின்று பாலத்தைப் பார்த்தோம். அப்பா விரலை நீட்டி வளைவுகளை எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார்.

“இதென்ன, ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். கட்டினவனுக்குக் கணக்குப் பிழைச்சிட்டுதோ?”

நான் சொல்லிக்கொடுக்காமலே அந்தக் கேள்விக்கு வந்து நின்றார் என் அப்பா. அடியில் பாறை எங்கே உறுதியாக இருந்ததோ அங்கேதான் தூணை இறக்கினார்கள் என்று சொன்னேன். ஆறு காட்டிய இடத்தில் கால் வைத்ததால் இடைவெளிகள் சமமாக வரவில்லை. இந்தக் கரையில் இரும்பு உருக்கும் ஆலை தண்ணீரின் பலத்தில் ஓடியதையும், பிறகு அலுமினிய ஆலை வந்ததையும், ஒரு காலத்தில் இதிலிருந்து மின்சாரம் எடுக்க விரும்பியவர்களோடு நீர்வீழ்ச்சியை விட்டுவிடச் சொன்னவர்கள் வாதாடியதையும் சொன்னேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். இடையில் அவர் இரண்டு முறை, அது எப்படித் தண்ணிக்குள்ளே நின்று கட்டினார்கள் என்று கேட்டார்.

“உந்தக் கணக்கெல்லாம் அங்க சொல்லித் தருவினமோ?”

“ஓம் அப்பா. அதுக்குத்தான் போறன்.”

“விட்டிட்டு வரமாட்டாய்தானே?”

“மாட்டன்.”

அவர் இந்த முறை தூண்களை எண்ணினார். “அப்ப பல் டொக்டருக்கு நீயே போய் மரியாதையாச் சொல்லு. நான் பேசின இடம். போனில சொல்லாத” என்றார்.

கீழே படம் எடுக்க எல்லோரும் வழக்கம்போல உயரப்படி நின்றுவிட்டார்கள். கமரா அப்பாவின் கையில். அவர் என் சித்தப்பாவைப் பார்த்து, “அண்ணை, கொஞ்சம் குனியுங்கோ, பாலம் மறைக்குது” என்றார். தன்னைவிட இளையவரை, அதுவும் அம்மாவின் தங்கை புருஷனை, அண்ணை என்று கூப்பிட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா முழங்காலில் இருந்தார். படத்தில் ஒன்பது வளைவில் ஏழு விழுந்திருக்கிறது.

வியாழக்கிழமை பல்வைத்தியரிடம் நேரில் போனேன். நன்றி சொல்லி, கையெழுத்து வைக்காத ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று கை தந்து, பாலம் விழாமல் கட்டச் சொன்னார். அங்கிருந்தே நகர ரயில் பிடித்துப் பல்கலைக்கழகத்தில் இறங்கி, பொறியியலுக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.