மொட்டை டயர்

அக்காவைக் கட்டிய அத்தான் தினமும் காலையில் காரைத் துடைத்து முடித்ததும், நான்கு டயர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். வரி எதுவும் இல்லாமல் மொட்டைத்தலை போல வழுவழுவென்று இருக்கும் அவை. தேய்ந்த டயர்தான் லேசாக உருளும், புது டயரின் பட்டைகள் பெட்ரோலைத் தின்றுவிடும் என்பது அவர் கட்சி.

அறுபதுகளில், திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு அவர் கார் ஓட்டினார். அக்காவுக்கும், படிப்பைப் பாதியில் விட்ட எனக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதில் அத்தானை மிஞ்ச ஆள் கிடையாது. டயரில் காற்றைக் கல் மாதிரி அடைத்து வைப்பார். தூரத்தில் மாட்டுவண்டி தெரிந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பிரேக் போட்டால் அதுவரை எரித்தது பாழ். மறுபடி மிதிக்கும்போதும் தூங்கும் பிள்ளையைத் தொடுவது போலத்தான். "சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான், நல்லா மிதிச்சாத்தான் என்ன? பேசாம இந்தக் காருக்கே தாலி கட்டியிருக்கலாம் நீக" என்பாள் அக்கா. "அது உன்ன மாதிரி வாயாடாதுல்லா" என்பார் அவர். முதலாளி வாங்கிக்கொடுத்த புது டயர்கள், சுற்றிய காகிதம்கூடப் பிரியாமல் ஷெட்டில் கிடந்தன. மழை பிடிக்குமுன் மாற்றிவிடச் சொல்லி நான்தான் நச்சரித்தேன். "நீ வெயிலடிச்சாலும் பயப்படுவ" என்று சிரித்தார்.

தீபாவளி சீசனில், மழை விட்ட ஒரு மதியம், வெடிமருந்து அறை தீப்பிடித்தது. உள்ளே அக்கா இருந்தாள். நனைத்த வேட்டியில் சுற்றிப் பின்சீட்டில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தார்ரோட்டைத் தொடுமுன் கரிசல் பாதையில் பின்சக்கரங்கள் புதைந்துவிட்டன. "டயர்ல காத்தப் புடுங்கிவிடுங்கய்யா, புடிப்பு வரும்!" என்று யாரோ கத்தினார்கள். பிடுங்கினார்கள், சாக்கு போட்டார்கள், தள்ளினார்கள். வழுவழு ரப்பருக்கு எதுவும் பிடி கொடுக்கவில்லை. அக்கா கண்ணைத் திறந்தாள். "இன்னைக்காச்சும் நல்லா மிதிங்க" என்றாள்.

அத்தான் மிதித்தார். அடிவரை மிதித்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்து, அச்சு வரை இறங்கியது. அக்கா சொன்னதை அவர் கேட்டது அந்த ஒரு நாள்தான். கடைசியில் மாடுகளைக் கட்டித்தான் இழுத்தார்கள். விருதுநகர் கண்ணில் படும் முன்னாலேயே மடியில் முனகல் நின்றுவிட்டது. "கொஞ்சம் வெள்ளனக் கொண்டாந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ. எந்த டயராக இருந்தாலும் அன்றைய சேற்றில் மாட்டியிருக்குமோ என்னவோ. இத்தனை வருஷமாக அதையேதான் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுவாரம் அத்தான் புது டயர்களை மாட்டினார். பிரித்த காகிதம் ஷெட் வாசலில் பறந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் டயரைத் தடவி நான் பார்க்கவில்லை.

இப்போது நான் தடவுகிறேன். மகனுடைய காரில் ஏறுமுன் குனிந்து டயரின் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்ப்பேன். "புது டயரும்மா, ஏறுங்க" என்று அவன் சலித்துக்கொள்வான். நகம் இறங்கத்தான் செய்கிறது. வெளியே எடுத்தால் நுனியில் கரிசல் மண்.