நாவற்குடா பஸ்ஸில் ஒரு குரவை

போன செவ்வாய்க்கிழமை காலை, ஓடுகிற பஸ்ஸுக்குள் நான் குரவை போட்டேன்.

ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். கலியாண வீட்டில் நாக்கைச் சுழற்றிப் போடுவோமே, அதே குரவை. மாப்பிள்ளை இல்லை, தாலி இல்லை. முன்சீட்டில் ஒரு மூட்டை கத்தரிக்காய் மட்டும் இருந்தது.

பஸ்ஸில் சத்தமாகப் போன் கதைக்கிறவர்களை இதே பத்தியில் இரண்டு வாரம் தொடர்ந்து திட்டியவள் நான். வெட்கமாக இருக்கிறதா? கொஞ்சம். ஆனால் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

குற்றவாளி என் மகள் தர்ஷிகா. கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. பாடுகிறவர் பாடிவிட்டுப் போவார், அடிக்கிறவர் அடித்துவிட்டுப் போவார். எந்தச் சத்தம் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்று கலந்து எடுப்பது இவள் வேலை. மூன்று வருடம் வயர் சுற்றினாள், மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். இப்போதுதான் முதல்தரமாக ஒரு முழுப் பாட்டை அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். பாட்டுக்குக் கீழே அவள் பெயர் வரும்.

பாட்டு எங்கள் பக்கத்து அம்மன் சடங்கைப் பற்றியது. அதற்காகப் போன வைகாசியில் ஊருக்கு வந்தவள், கும்பிடக்கூட இல்லை. பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் மைக்கைத் தூக்கிப் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து நின்றாள். "உங்கட புள்ளைக்கு இதென்ன நேத்திக்கடன்?" என்று என்னிடமே கேட்டார்கள்.

செவ்வாய் காலையில் போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

"அம்மா, ஸ்டூடியோப் பெரியவர் குரவையை வெட்டச் சொல்றார்."

"ஏனாம்?"

"நான் குரவையைக் கேக்கிறவங்கட முதுகுக்குப் பின்னுக்கு வச்சிரிக்கன். கேக்கிற ஆக்கள் பயந்து திரும்பிப் பாப்பாங்களாம். முன்னுக்கு எடு, இல்லாட்டி வெட்டு எண்டுறார். பன்னெண்டு மணிக்குக் குடுக்கணும். நீங்க ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கம்மா. நீங்களும் வேணாமெண்டா வெட்டிர்றன்."

சேலை எடுக்கக்கூட என்னிடம் அபிப்பிராயம் கேட்காத பிள்ளை. போனுக்குப் பாட்டை அனுப்பு என்றேன்.

போன தரம் வந்தபோது அவள் தந்துவிட்டுப் போன ஹெட்ஃபோன் அலுமாரியில் கிடந்தது. சும்மா ஹெட்ஃபோன் என்றால் பாட்டு மண்டைக்குள் அடைந்து கிடக்குமல்லவா? இதில் சத்தம் நம்மைச் சுற்றி நிற்கிறது. ஸ்பேஷியல் ஓடியோவாம். அதைவிடப் பெரிய வேடிக்கை, நம் தலை திரும்புவது அதற்குத் தெரியும். முன்னால் நின்று பாடுகிறவரை விட்டு நீங்கள் வலப்பக்கம் திரும்பினால், அவர் கூடவே திரும்பி வரமாட்டார். நின்ற இடத்திலேயே நின்று உங்கள் இடது காதுக்குப் பாடுவார். வீட்டு ஆட்களைவிடப் பிடிவாதக்காரர்.

டவுனில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே நாவற்குடாவில் பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டில், காத்தான்குடியில் ஏறி வந்த ஒரு பெண். மடியில் புடவைப் பை.

பாட்டைப் போட்டேன். உடுக்குச் சத்தம் டிரைவர் சீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. பாடுகிறவரும் அங்கேதான். பஸ் ஒரு வளைவில் திரும்பியதும் மனுசன் யன்னலுக்கு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கடைத்தெருவில் நின்று பாடிவிட்டு, மறுகா தானாகவே முன்னுக்கு வந்து சேர்ந்தார். எனக்குச் சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது உடுக்கு நின்றது.

எனக்குப் பின்னால், வலது தோளுக்கு அந்தப் பக்கம், ஒருத்தி குரவை போட்டாள். இடப்பக்கத்திலிருந்து இன்னொருத்தி எடுத்தாள். நேர் பின்னால் மூன்றாவது குரல்.

சடங்கில் அப்படித்தானே? கோயில் கதவு திறக்கும்போது எல்லாக் கண்ணும் முன்னால் அம்மனில் இருக்கும். குரவை முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருத்தி போட்டால் மற்றவள் எடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிற வாய் எங்கள் ஊரில் இல்லை.

நானும் எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

எனக்குப் பிறகும் பின்னால் இரண்டு குரவை கேட்டது. அடடா, என்ன வேலை செய்திருக்கிறாள் என்று உருகியபடி கண்ணைத் திறந்தால்... பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

"அம்மா, என்ன விசேசம்?" என்றார் கொண்டக்டர். அப்படியே சீட்டுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

பக்கத்துப் பெண்தான் என் கையைத் தொட்டார். "என்னகா, நல்ல விசயமா?"

விசயத்தைச் சொன்னேன். "எங்க, தாங்க பாப்பம்" என்று முக்காட்டுக்கு மேலே ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டார். நான் பாட்டைத் திரும்ப முதலிலிருந்து போட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரவை வருகிற இடத்தில் இவர் பயந்து திரும்பினால் என் மகள் தோற்றாள்.

திரும்பவில்லை. கை மட்டும் மெல்ல எழும்பி வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எங்கட கலியாண வீட்டிலயும் இப்பிடித்தான் போடுவம்" என்று ஹெட்ஃபோனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "வெட்ட வேணாமெண்டு மகளுக்குச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் இறங்கிய கையோடு மகளுக்குப் போன் எடுத்தேன்.

"வெட்டாத. முன்னுக்கும் எடுக்காத. வச்ச இடத்திலயே இரிக்கட்டும். அந்த அஞ்சு குரவையில கடைசி ரெண்டும் இரிக்கே, அசல் பின்சீட்டில இரிந்து போட்ட மாதிரியே..."

"எந்த அஞ்சு? நான் மூண்டுதானேம்மா வச்சன்?"

திரும்பிப் பார்த்தேன். சந்தைக் கூடைகளோடு இறங்கிய இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். "நீங்க போட்டீங்க, நாங்க எடுத்தம்" என்றாள் ஒருத்தி, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

நடந்ததை ஒன்று விடாமல் மகளுக்குச் சொன்னேன். சிரிக்கிறாளா, அழுகிறாளா? இரண்டும்தான் என்று மூக்கை உறிஞ்சினபோது தெரிந்தது. பெருமையில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சொந்தத் தாயையே ஏமாற்றுகிற அளவுக்கு வேலை தெரிந்த பிள்ளை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. "பஸ் கதையச் சொன்னன். பெரியவர் சிரிச்சிட்டு, பின்னுக்கே விடு எண்டுட்டார்."

வியாழக்கிழமை அதே பஸ், அதே கொண்டக்டர். காசை வாங்கிக்கொண்டு விடாமல் கேட்டார்.

"அண்டைக்கு என்ன விசேசமெண்டு சொல்லவேயில்லையே அம்மா?"

"என்ட மகளுக்கு முதல் பாட்டு."

"அப்ப போடத்தானே வேணும்" என்று டிக்கட்டைக் கிழித்துத் தந்தார்.